பழைய சர்வரில் பேக்கேஜ் மல்லுக்கட்டு

டவுனில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையின் பில்லிங் சர்வர் இப்போது என் பொறுப்பு. முன்பு பார்த்தவர் வெளிநாடு போய்விட்டார். பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றுதான் மிச்சம். உள்ளே டெபியன் 10 என்ற லினக்ஸ், பில்லிங் நிரல் ஓடும் பிஎச்பி மொழியின் 7.3 வெர்ஷன்.

பில்லில் க்யூஆர் கோடு வர வேண்டும் என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிஎச்பியில் படம் உருவாக்கும் ஜிடி பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்) தேவை. டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி ஆப்ட். அதில் இன்ஸ்டால் கொடுத்தால், டிபென்டன்சி (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான இன்னொன்று) நிறைவேறவில்லை, உடைந்த பேக்கேஜ்களை ஹோல்டில் (வெர்ஷன் மாறாமல் நிறுத்தி) வைத்திருக்கிறீர்கள் என்று முடித்துக்கொண்டது. இந்தக் கடைசி வரியை நம்பி ஹோல்டைத் தேடி அலையாதீர்கள். எதுவும் ஹோல்டில் இல்லாவிட்டாலும் அது வரும். ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு போட்டேன், பட்டியல் காலி. விஷயம் அதற்கு மேலே உள்ள வரியில் இருந்தது: ஜிடிக்கு பிஎச்பி காமன் பேக்கேஜின் 7.3.31தான் வேண்டும், சர்வரில் இருப்பதோ 7.3.33.

புதியது இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த டிபென்டன்சியில் இருப்பது சமக்குறி. ஒரே சோர்ஸிலிருந்து (மூலநிரலிலிருந்து) கட்டப்பட்ட பேக்கேஜ்கள் ஒரே வெர்ஷனில்தான் சேர்ந்து இருக்க வேண்டும்.

அடுத்து ஆப்ட்-கேச் பாலிசி என்ற கட்டளை. மரபாக வந்த சர்வரில் நான் முதலில் நம்புவது இதைத்தான். நிறுவியிருக்கும் வெர்ஷனுக்கு முன்னால் மூன்று நட்சத்திரம் இருக்கும். அதன் கீழே அது எந்த ரெப்போவிலிருந்து (பேக்கேஜ்களைத் தரும் களஞ்சியத்திலிருந்து) வந்தது என்ற விவரம். இங்கே 7.3.33க்குக் கீழே 100 என்ற முன்னுரிமை எண்ணும், ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி என்ற கருவியின் ஸ்டேட்டஸ் கோப்பும் மட்டும். அதாவது, இந்தப் பேக்கேஜ் வந்த இடம் இப்போது ஆப்ட்டுக்குத் தெரியாது. ரெப்போ முகவரிகள் இருக்கும் சோர்சஸ் பட்டியலைத் திறந்தால், வெளி ரெப்போ ஒன்றின் வரி, ஆப்ட் படிக்காதபடி முன்னால் # போட்டு அடைத்துக் கிடந்தது. வரியை அடைத்தவர், அது கொண்டுவந்த பேக்கேஜ்களை அப்படியே விட்டிருக்கிறார்.

டிபிகேஜிக்கு ஃபோர்ஸ் கொடுத்துத் திணிக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்து எதை நிறுவப் போனாலும் ஆப்ட் முதலில் பழைய உடைப்பைச் சரிசெய்யச் சொல்லி நிற்கும்.

“தம்பி, அது பாட்டுக்கு ஓடுது. நோண்டி நின்னு போச்சுன்னா யாவாரம் என்னத்துக்கு ஆகும்?” என்றார் அண்ணாச்சி. அவர் கவலை நியாயமானது.

“நிக்காது அண்ணாச்சி. முதல்ல ஒத்திகைதான் பாப்பேன்” என்றேன்.

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் லோடு வண்டி நுழையாது, பில்லும் ஓடாது. அந்த நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டேட்டாபேஸையும் சர்வரையும் முழுதாக பேக்கப் எடுத்தேன். அப்புறம் ஆப்ட் பிரிஃபரன்ஸ் கோப்பில், பிஎச்பி 7.3 பேக்கேஜ்களுக்கு டெபியனின் சொந்த வெர்ஷன்தான் என்று 1001 முன்னுரிமை கொடுத்தேன். 1000க்குக் கீழே இருந்தால் ஆப்ட் வெர்ஷனைக் கீழே இறக்காது. டவுன்கிரேடை டெபியன் முறையாக ஆதரிப்பதில்லை என்பதால், நிஜமாக நிறுவாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் -எஸ் கொடுத்து ஒத்திகை பார்த்து, எது இறங்குகிறது, எது நீங்குகிறது என்று வரி வரியாகப் படித்தேன். பிஎச்பி பேக்கேஜ்கள் மட்டும் இறங்கின, எதுவும் நீங்கவில்லை. நிஜமாக ஓட்டினேன். ஜிடி ஏறியது, க்யூஆர் அச்சானது.

வெர்ஷனை ஏன் இறக்கினேன், எந்த வரி அடைபட்டுக் கிடக்கிறது என்று தேதியோடு ரூட் ஃபோல்டரில் ஒரு கோப்பு எழுதி வைத்தேன். டெபியன் 10இன் நீண்டகால ஆதரவு 2024 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அதனால் புதிய டெபியனுக்கு ஏற வேண்டும், ஆனால் நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்க முடியாது. 11, பிறகு 12 என்றுதான் ஏற வேண்டும். 11இல் பிஎச்பி 7.4, 12இல் 8.2. இப்போது 7.4இல் பில்லிங் நிரலை வீட்டில் ஒரு வர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.