பச்சைப் புள்ளியை நம்பலாமா? பாம்பன் நாட்குறிப்பு

ஜூலை 3

கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. நாட்டுப்படகுகள் எங்கே நிற்கின்றன என்று கரையில் இருப்பவர்களுக்குக் காட்டும் நிரல் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள் சிலர் பைத்தானில் எழுதியது. படகில் இருக்கும் போன் நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்பும். சர்வர் அதைத் திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும்.

படகு அரிச்சல்முனைப் பக்கம் போய் நம்மூர் டவர் அறுந்த பிறகும் புள்ளி பச்சையாகவே நிற்கிறது. வீட்டில் காத்திருக்கும் பெண்கள் பார்க்கும் திரை இது. இதில் பொய் இருக்கவே கூடாது.

ஜூலை 4

காரணம், போனும் சர்வரும் பேசிக்கொள்ளும் இணைப்பு விதியான டிசிபி-யின் அடிப்படையிலேயே இருக்கிறது. 1981-ல் அதை வரையறுத்த ஆர்எஃப்சி 793 ஆவணம் வந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம்: இரு பக்கமும் பேசாவிட்டால் பாக்கெட் (தரவுத் துண்டு) எதுவும் போகாது, ஆனாலும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே கணக்கு.

போன் முறையாக மூடினால், "முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஃபின் பாக்கெட் வரும். தரவை வாங்கும் கட்டளையான ரிசீவ் காலி பைட்டைத் தரும். வெடுக்கென்று முறித்தால் கனெக்‌ஷன் ரீசெட் எரர் எழும். டவர் போனால் இரண்டுமே வராது. ரிசீவ் காத்துக்கொண்டே கிடக்கும்.

காலி பைட்டை "இப்போதைக்குத் தரவு இல்லை" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. அந்தப் பக்கத்திலிருந்து இனி எதுவும் வராது என்பதே அதன் பொருள். சாக்கெட் என்பது நிரல் இணைப்பைப் பிடித்திருக்கும் கைப்பிடி; தரவுக்காகக் காத்து நிற்காத நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் தரவு இல்லையென்றால் பிளாக்கிங் ஐஓ எரர்தான் எழும். இதைப் பிரித்துப் பார்க்காத லூப் காலி பைட்டையே வாங்கி வாங்கிச் சுற்றி சிபியு-வைத் தின்றுவிடும்.

சர்வரில், இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை போட்டேன். குளோஸ்-வெயிட் நிலையில் வரிசையாக இணைப்புகள். எதிர்ப்பக்கம் மூடிவிட்டது, நம் நிரல் இன்னும் குளோஸ் சொல்லவில்லை. ஒவ்வொரு சாக்கெட்டையும், வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் வித் பிளாக்குக்குள் கொண்டுவந்ததும் அது தீர்ந்தது.

ஜூலை 8

இன்றைய வேலைதான் எனக்கு முக்கியம். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் பேரலை எச்சரிக்கை விடும்போது, அதை இந்த சர்வர் வழியாகப் படகுகளுக்கும் அனுப்ப வேண்டும். தரவை அனுப்பும் சென்ட் கட்டளை பிழையில்லாமல் திரும்பினால் செய்தி போய்விட்டது என்று நிரல் குறித்துக்கொள்கிறது.

அப்படி இல்லை. சென்ட் செய்தியை இயங்குதளத்தின் மையமான கர்னலின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்ததோடு சரி. எதிர்ப்பக்கம் மூடியிருந்தால்கூட முதல் சென்ட் பெரும்பாலும் வெற்றியாகவே திரும்பும். அதற்கு ரீசெட் பதில் வந்த பிறகு செய்யும் சென்டில்தான் புரோக்கன் பைப் எரர் தெரியும். டவர் இல்லாத படகென்றால் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் கால் மணி நேரம் போல மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். அத்தனை நேரமும் நம் பதிவேட்டில் "அனுப்பியாயிற்று" என்று இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓர் எண். போன் அந்த எண்ணைத் திருப்பி அனுப்பினால்தான் "சேர்ந்தது". இல்லாவிட்டால் சேராத படகுகளின் பட்டியல் கரைக்கு வரும், வேறு வழியில் சொல்லலாம். உயிர் சம்பந்தப்பட்ட செய்திக்கு சென்ட் தரும் பதிலை மட்டும் நம்பக் கூடாது.

ஜூலை 9

மழை. கரண்ட் இல்லை.

ஜூலை 11

சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்-அலைவ் போட்டால் போதுமே என்று நண்பர் சொன்னார். லினக்ஸில் அது இயல்பாக 7200 விநாடி சும்மா இருந்த பிறகே முதல் சோதனையை அனுப்பும். அப்புறம் 75 விநாடி இடைவெளியில் 9 முறை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். சாக்கெட்டுக்குச் சாக்கெட் குறைத்துக்கொள்ளலாம், குறைத்தும் வைத்தேன். ஆனால் போன்தான் நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்புகிறதே! எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் செட்-டைம்அவுட்டில் 180 விநாடி கொடுத்தேன். அதற்குள் எதுவும் வராவிட்டால் டைம்அவுட் எரர்; புள்ளி மஞ்சளாகும், பக்கத்தில் கடைசியாகச் செய்தி வந்த நேரம் இருக்கும். முறையாக மூடிய போனுக்குச் சாம்பல் நிறம்.

ஜூலை 13

பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "மஞ்சள்னா படகுக்கு ஏதும் ஆயிருச்சா தம்பி?" என்று பதறிவிட்டார். "இல்லக்கா, டவர் கிடைக்கல, அவ்வளவுதான் நமக்குத் தெரியும்" என்றேன். "அதையே எழுதிப் போடு" என்றார். போட்டுவிட்டேன்: "டவர் இல்லை, கடைசிச் செய்தி 4.20."

இன்னொன்று பாக்கி. டவர் திரும்பியதும் போன் புது இணைப்போடு வருகிறது. பழைய சாக்கெட்டும் கிடக்கிறது. அது தாமதமாக டைம்அவுட் ஆகும்போது பச்சையான புள்ளியை மறுபடி மஞ்சளாக்குகிறது. படகு எண் பதிவானவுடன் பழையதை மூடிவிட்டு, நிறம் மாற்றும் உரிமையைப் புது சாக்கெட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். நாளைக் காலை அந்த வேலை.