ஆசிரியர் விசாவும் ஊரில் முடிக்க வேண்டிய வேலைகளும்

துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஊரிலிருந்து புதிதாக வரும் ஆசிரியர்களின் விசா வேலைகள் அதற்கு முந்தைய மாதங்களில் குவியும். அப்படிப்பட்ட ஒரு பள்ளியின் நிர்வாக அலுவலகத்தில் இந்தப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நேர்காணலில் தேர்வானவர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது "சார், விசா எப்போது வரும்?" என்பதுதான். விசாவுக்கு விண்ணப்பிப்பது பள்ளியின் வேலை; தாள்கள் ஒழுங்காக இருந்தால் அதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. நாள் பிடிப்பது அதற்கு முந்தைய வேலை. தன் பெயரும் தன் பட்டமும் தன்னுடையவைதாம் என்று ஓர் ஆசிரியர் இரண்டு நாட்டு அரசுகளுக்கு நிறுவ வேண்டியிருக்கிறது. வேலை கிடைத்தபின் அதைத் தொடங்குவது தாமதம் என்பதே இத்தனை கோப்புகளைப் பார்த்தபின் என் உறுதியான கருத்து.

பட்டச் சான்றிதழும் பி.எட். சான்றிதழும் முதலில் மாநில அரசின் சான்றொப்பத்தைப் பெற வேண்டும்; அதற்கே பல நேரங்களில் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்றிதழ் தேவைப்படும். அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், அதன்பின் இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று வரிசை நீள்கிறது. ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போக முடியாது. பட்டமளிப்பு விழாச் சான்றிதழை வாங்காமல், தற்காலிகச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஊரில் பாடம் நடத்தியவர்கள் இந்த வரிசையின் முதல் படியிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கும். அவர்களுடைய கற்பித்தலில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு சிக்கல் அப்போஸ்டில் முத்திரை. வெளிநாட்டு ஆவணங்களை ஒரே முத்திரையில் ஏற்கும் ஹேக் உடன்படிக்கை 2005 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. ஓமானும் பஹ்ரைனும் அதில் உள்ளன. சவூதி அரேபியா 2022இல் சேர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகம் சேரவில்லை. 'வளைகுடா' என்று பொதுவாகச் சொல்லி யாரோ அப்போஸ்டில் வாங்கிக் கொடுத்துவிட, பணமும் வாரங்களும் செலவழித்த ஆசிரியர் மறுபடியும் தூதரகச் சான்றொப்பத்துக்காக ஓட வேண்டியிருக்கிறது. எந்த நாட்டுக்கு என்பது உறுதியாகும் முன் மாநில அரசின் சான்றொப்பம், பல்கலைக்கழகச் சரிபார்ப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. எந்த நாட்டுக்குப் போனாலும் அவை வீணாகா.

தமிழ்நாட்டு ஆசிரியர்களை மற்றவர்களைவிட அதிகம் அலைக்கழிப்பது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒரு பெயர். பட்டத்தில் அந்த முதலெழுத்து பெயருக்குப் பின்னால். திருமணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்த இன்னொரு பெயர். நம் ஊரில் இதை யாரும் ஒரு பிரச்சினையாகக் கருதுவதில்லை, கருத வேண்டிய காரணமும் இல்லை. ஆனால் இங்கே விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலருக்கு அவை மூன்று வெவ்வேறு மனிதர்களின் பெயர்கள். வேதியியல் ஆசிரியை ஒருவர், மிகத் தேர்ந்தவர், இந்த ஒரு காரணத்தால் ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தார். அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, உறுதிமொழிப் பத்திரம், அதன்பின் பாஸ்போர்ட்டில் திருத்தம் என்று ஒவ்வொன்றும் முடிந்தபிறகே அவருடைய கோப்பு நகர்ந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்தவர்களின் நிலை இன்னும் கடினம். 2022 நவம்பரில், அத்தகைய பாஸ்போர்ட்டோடு சுற்றுலா அல்லது விசிட் விசாவில் வருபவர்களை அமீரகம் அனுமதிக்காது என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. பின்னர் சில தளர்வுகள் வந்தபோதிலும், விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லும் நிலைமையை எந்த ஆசிரியருக்கும் நான் விரும்பமாட்டேன். பாஸ்போர்ட் எடுக்கும்போதே தந்தை பெயரை முழுமையாக விரித்து எழுதிவிட்டால் இவற்றில் பெரும்பகுதி எழவே எழாது.

சான்றிதழ்கள் சேர்ந்தபின் நடப்பவை ஒப்பீட்டளவில் எளியவை. துபாய்த் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் கே.எச்.டி.ஏ. ஆணையம் ஆசிரியரின் நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதற்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வேண்டும். அதன்பின் மனிதவள அமைச்சகத்தின் வேலை அனுமதியும், வேலைக்கான நுழைவு அனுமதியும் வருகின்றன. இங்கே வந்திறங்கியதும் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். பழைய காசநோயின் தழும்பு நுரையீரலில் இருந்தால் மேலும் சோதனைகள் நீளும் என்பதால், புறப்படுவதற்கு முன் ஊரிலேயே ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடும்படி எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் மிகுந்த கவலையோடு சொல்ல விரும்புவது விசிட் விசாவைப் பற்றி. "முதலில் விசிட்டில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று சில பள்ளிகளும் ஏஜென்ட்களும் சொல்வதுண்டு. உள்நாட்டிலேயே விசா மாற்றும் வழி சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் வேலை அனுமதி கிடைப்பதற்கு முன் வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவது சட்டமீறல். அனுமதியில்லாமல் ஒருவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்துக்கு 2024இல் வந்த திருத்தம் 1 லட்சம் திர்ஹாமிலிருந்து 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்கிறது. அனுமதி இல்லாமல் வேலை செய்த நாட்களுக்குச் சம்பளத்தைக் கேட்பதற்கு ஆசிரியரிடம் ஒப்பந்தம் என்று எதுவும் இருக்காது. பட்டம் பெற்றவர்களின் பாஸ்போர்ட்டுக்கு இந்தியாவில் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. இது வசதியாகத் தோன்றினாலும், பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளிக்குச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் செய்யும் சரிபார்ப்பு ஆசிரியருக்குக் கிடைக்காமல் போகிறது. அந்தச் சரிபார்ப்பை அவரே செய்துகொள்ள வேண்டும். ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ, ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதையே தடை செய்கிறது. நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டிவிட்டு வந்த ஆசிரியர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கட்டியிருக்க வேண்டியதே இல்லாத பணம் அது.

ஆஃபர் லெட்டரை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்று வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. பின்னால் வரும் ஒப்பந்தத்தில் தொழிலாளிக்குப் பாதகமான மாற்றம் எதுவும் அதிலிருந்து செய்யக்கூடாது. அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு மூன்றாவது மொழியாக அமீரக மனிதவள அமைச்சகம் வைத்திருக்கும் படிவங்களில் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தில் பாடம் நடத்துபவர்கூட விடுப்பு, பணிக்கொடை, முன்னறிவிப்புக் காலம் பற்றிய விதிகளைத் தமிழில் படிக்கும்போது கேள்விகள் அதிகம் கேட்கிறார். கேட்கட்டும் என்றுதான் நானும் தமிழ்ப் படிவத்தை எடுத்துத் தருகிறேன்.

குடும்பத்தைப் பின்னால் அழைக்க நினைப்பவர்கள் திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் பட்டச் சான்றிதழ்களோடு சேர்த்தே சான்றொப்பத்துக்குக் கொடுத்துவிடலாம். இங்கே வந்தபின் அவற்றை ஊருக்குத் திருப்பி அனுப்பி வாங்குவது பெரும்பாடு. பாஸ்போர்ட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவது நின்றுவிட்டது. எமிரேட்ஸ் ஐடி அட்டையே குடியிருப்புக்கான சான்று. ஆகவே விசா முடிந்தபின் ஓர் ஆசிரியரின் பாஸ்போர்ட்டைப் பள்ளி வைத்துக்கொள்வதற்கு எந்தத் தேவையும் இல்லை; ஊழியரின் ஆவணங்களைப் பிடித்து வைப்பதை அதே 2021ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. அலுவலகத்தில் கொடுத்த பாஸ்போர்ட்டைத் தயங்காமல் திரும்பக் கேளுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் சேர்ந்த நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.