குடிமக்களை வைத்து ஒரு டிராகன் வேட்டை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதன் 2014 விதிகளில் சாதாரணக் குடிமகனுக்கு 4 ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப்புள்ளி), கையில் ஒரு தடி, அவ்வளவுதான். பிரபுவுக்கு 9. எதிரே இருக்கும் இளம் சிவப்பு டிராகனுக்கோ 178. அது ஒருமுறை நெருப்பை ஊதினால் 16 பகடை உருட்ட வேண்டும். எல்லாவற்றிலும் ஒன்றே விழுந்து, ஆள் விலகிப் பாதியோடு தப்பினாலும் 8 புள்ளி போய்விடும்.

இப்படிப்பட்ட குடிமக்களை மட்டும் வைத்து, வீரனும் மந்திரவாதியும் இல்லாமல், வயிறு குலுங்கச் சிரிக்கும்படி ஒரு வேட்டையை நண்பர்களுக்கு நடத்த ஆசைப்பட்டேன். நடத்தியும் முடித்தேன். டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவராக, உட்கார நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கதையை போலந்தின் கிராகோவ் நகரத்திலிருந்து எடுத்தேன். அங்கே வாவெல் குன்றின் குகையில் ஒரு டிராகன். வாராவாரம் அதற்குக் கால்நடை கொடுக்க வேண்டும், தவறினால் மனிதர்களைத் தின்னும். 1200ஆம் ஆண்டு வாக்கில் இதை எழுதிவைத்த வின்சென்டி கட்லூபெக்கின் நூலில், அரசனின் இரண்டு மகன்கள் மாட்டுத்தோலுக்குள் கந்தகத்தை அடைத்து, அதைத் தீனியாக வைத்து டிராகனைக் கொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் பியெல்ஸ்கி எழுதும்போது அந்த யோசனை ஸ்குபா என்ற செருப்புத் தைப்பவருடையதாகிவிடுகிறது. எனக்கு அந்த ஸ்குபாதான் வேண்டும். தோலை எப்படித் தைத்தால் பிரியாது என்று அரண்மனையில் யாருக்குத் தெரியும்?

அரசனை உருவாக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. முட்டாள் அரசன் என்றால் ஒரு காட்சிக்கு மேல் சிரிப்பு வராது. அதனால் அவரை மிகுந்த அக்கறையுள்ளவராக வைத்தேன். டிராகன் தின்ற ஒவ்வொரு ஆட்டுக்கும் முறையாக ரசீது கொடுக்கிறார், பலியானவர் வீட்டுக்கு நேரில் போய்த் துக்கம் விசாரிக்கிறார், வேட்டைக்குப் போகிறவர்களின் வரிபாக்கியையும் மறக்காமல் கேட்கிறார். அவர் மனதார நல்லவர் என்பதால்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் விதிச்சிக்கல். சிவப்பு டிராகனை நெருப்பு ஒன்றும் செய்யாது. கந்தகம் வயிற்றுக்குள் எரிந்து இத்தனை புள்ளி குறைந்தது என்று கணக்குப் போட முடியாது. அதனால் ஹிட் பாயிண்டையே ஒதுக்கிவிட்டு வேட்டையை மூன்று கட்டமாகப் பிரித்தேன்: கந்தகம் அடைத்துத் தைத்த பொம்மை ஆடு நிஜ ஆடாகத் தெரிய வேண்டும், டிராகன் அதை முழுசாக விழுங்க வேண்டும், தாகம் தாங்காமல் விஸ்துலா ஆற்றுக்கு ஓடி வயிறு வெடிக்கும்வரை குடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லோரும் பகடை உருட்டலாம், பாதிப் பேர் ஜெயித்தால் குழுவே ஜெயித்ததாகக் கணக்கு. இந்தக் குழுச்சோதனை விதி புத்தகத்திலேயே இருக்கிறது. 4 புள்ளி ஆட்களுக்கு இதைவிட நியாயமான விதி கிடையாது.

ஆடியபோது நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. சலவைக்காரியாக ஆடிய தோழி, "ஆட்டு வாடை இல்லாம அது கிட்டயே வராதுப்பா" என்று சொல்லி, ஊரில் இருக்கிற அழுக்குக் கம்பளியை எல்லாம் வாங்கி வரச் சொன்னார். கசாப்புக்காரர் விலை பேச ஆரம்பித்தார். செருப்புத் தைப்பவர் நூலுக்கு மெழுகு கேட்டு அரசனிடமே மனு கொடுத்தார். மனுவுக்கு ஐந்து கையெழுத்து. அங்கேதான் அதிகம் சிரித்தோம், ஆனால் யாரும் பாத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை.

டிராகன் செத்த பிறகும் ஆட்டத்தை முடிக்காதீர்கள். கட்லூபெக்கின் கதையில் இளைய மகன் அண்ணனைக் கொன்றுவிட்டுப் பழியை டிராகன் மேல் போடுகிறான், பிறகு பிடிபட்டு நாடு கடத்தப்படுகிறான். நான் கொலையை விட்டுவிட்டு, வெற்றியைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இளவரசனை மட்டும் வைத்துக்கொண்டேன். கடைசிக் காட்சி அரசவை. அரசன் ஊசியையும் நூலையும் இளவரசன் கையில் கொடுத்து, தைத்துக் காட்டச் சொன்னார்.