கள்ளின் உறவுக்காரனை பிரஸ்ஸல்ஸில் பார்த்தேன்

நேற்று நள்ளிரவுதான் ஜெர்மனியில் நான் படிக்கும் ஆகன் நகருக்கு வந்து சேர்ந்தேன். காலை வகுப்புக்குப் போகவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. பிரஸ்ஸல்ஸில் செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் பெல்ஜியன் பீர் வீக்கெண்டு என்ற பீர்த் திருவிழாவுக்குப் போய் வந்திருக்கிறேன். பஸ், தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக இங்கே படிக்கும் நம்ம ஊர்ப் பையன்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பஸ். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரயிலை விட்டுவிட்டு நானும் நண்பன் ஒருவனும் பஸ்ஸுக்குப் பதிவு செய்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். எந்த அறிவிப்பும் இல்லை. செயலியில் மட்டும் "சரியான நேரத்தில் வருகிறது" என்றே காட்டிக்கொண்டிருந்தது. வந்த வண்டியில் கழிப்பறைக் கதவு பூட்டிக் கிடந்தது. ஓட்டுநரிடம் கேட்டால் தோளைக் குலுக்கினார். இதனால் நான் இழந்தது ஒரு பூசையை. பீர் காய்ச்சுகிறவர்களின் காவல் புனிதரான ஆர்னால்டுக்கு வெள்ளிக்கிழமை மாலை அங்குள்ள பேராலயத்தில் திருப்பலி நடத்தி, ஒரு பீப்பாய்க்கு ஆசி வழங்கி, அதற்குப் பிறகுதான் விழாவைத் தொடங்குகிறார்கள். அதைப் பார்க்கத்தான் வெள்ளிக்கிழமையே கிளம்பினேன். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அங்கி போட்ட பெரியவர்கள் பீப்பாயோடு ஊர்வலமாகச் சதுக்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடமாவது கிடைத்தது. நீங்கள் போனால் ரயிலில் போங்கள். மிச்சப்படுத்திய காசு அந்த எரிச்சலுக்கு ஈடாகாது.

அந்தச் சதுக்கத்தின் பெயர் கிராண்ட் பிளாஸ். 1695-இல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் நொறுக்கிய இடம். சில வருடங்களிலேயே வணிகக் குழுக்கள் தங்கள் தங்கள் கட்டடங்களை முன்னைவிட அழகாக எழுப்பிவிட்டன. அதில் பத்தாம் எண் வீடு பீர் காய்ச்சுவோர் சங்கத்துடையது, இன்றைக்கும் அவர்களிடமே இருக்கிறது. அந்தப் பொன் வேலைப்பாட்டுச் சுவர்களுக்கு நடுவே வரிசையாகப் பந்தல்கள், பந்தலுக்கு ஒரு ஆலை. உள்ளே போகக் கட்டணம் இல்லை. கண்ணாடிக் குவளைக்கு முன்பணம் கட்ட வேண்டும், திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பி வரும். பீருக்கு ரொக்கம் கிடையாது, டோக்கன்தான். இருவருமாகச் சேர்த்து நாற்பது யூரோவுக்கு டோக்கன், அதற்கு மேல் ஒரு காசு எடுப்பதில்லை என்று பஸ்ஸிலேயே சத்தியம் செய்துகொண்டோம். ஒரு குவளை வாங்கி ரெண்டு பேரும் பகிர்ந்தோம். காசுக்கும் நல்லது, தலைக்கும் நல்லது. இங்கே 12% பீரெல்லாம் சர்வ சாதாரணமாக ஊற்றுகிறார்கள். டுபுய்சோன் ஆலையின் புஷ் அப்படிப்பட்டதுதான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று 1516-இல் பவேரியாவில் போட்ட சட்டத்தைச் சொல்லிப் பெருமைப்படாத ஜெர்மன்காரரை நான் பார்த்ததில்லை. பெல்ஜியத்தில் அந்தக் கட்டு இல்லை. முதல் குவளை வெண்ணிறக் கோதுமை பீர். ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டுக் காய்ச்சுவது. ரசத்துக்கு இடிக்கிறோமே, அதே மல்லி. வாசனையிலேயே பிடிபட்டது. அடுத்தது சேஸோன் டுபோன். ஒரு காலத்தில் வயலில் வேலை செய்கிறவர்களுக்காகப் பண்ணைகளில் காய்ச்சிய வகை, மிளகு போட்டதுபோல ஒரு காரம். பிறகு ரோடன்பாக். ஓக் மரத் தொட்டியில் இரண்டு வருடம் கிடந்ததைப் புதியதோடு கலக்கிறார்கள், புளித்த திராட்சை மாதிரி இருந்தது. மூன்றும் அருமை. ஆனால் இந்தக் கட்டுரை நான்காவது குவளைக்காகத்தான்.

பூன் ஆலைப் பந்தலில் கூஸ் என்று ஒன்று கேட்டு வாங்கினோம். என்னோடு வந்தவன் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி ஊர்க்காரன். அவன் தாத்தா பனையேறி. ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேய், இது கள்ளுடா."

"பீர்டா. பார்லில பண்ணது."

"எதுலயும் பண்ணிட்டுப் போகட்டும். மோந்து பாரு. மத்தியானத்துக் கள்ளு."

மோந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. அந்தப் புளிப்பு, அதன் அடியில் ஒரு மாட்டுத்தொழுவ வாசனை, வாயை உலர்த்திக்கொண்டு இறங்கும் விதம், எல்லாமே பனங்காட்டுச் சங்கதி.

ஏன் அப்படி என்று மறுநாள் காலை விளங்கியது. ஆன்டர்லெக்ட் பகுதியில் கான்டியோன் என்ற ஆலை இருக்கிறது. 1900-இல் தொடங்கியது. மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். தெரு கொஞ்சம் அழுக்காக இருக்கும், தயங்காமல் போங்கள். 1978 முதல் ஆலையே அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. நுழைவுச் சீட்டிலேயே குடித்துப் பார்க்கவும் கொடுக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் நான் கொடுத்த காசில் இதைப் போல் செரித்த காசு வேறு இல்லை.

மாடிக்கு ஏறினால் ஓட்டுக் கூரைக்கு அடியில் அகலமான, ஆழமில்லாத ஒரு செம்புத் தொட்டி. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய பார்லி, கோதுமைச் சாற்றை ராத்திரி அதில் ஊற்றி, காற்று வர வழிவிட்டு, அப்படியே ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் என்று ஒரு துளிகூட இவர்கள் சேர்ப்பதில்லை. ராத்திரிக் காற்றிலும் அந்தக் கட்டடத்திலும் இருக்கும் கிருமிகள் தாமாக வந்து விழ வேண்டும். காலையில் பீப்பாய்க்குள் விட்டால் சில நாட்களில் தானே நுரைத்துப் பொங்குகிறது. இதுதான் லாம்பிக். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்ததைக் கலந்து பாட்டிலில் அடைத்து, அங்கே மறுபடியும் பொங்கவிட்டால் கூஸ். பனையில் கலயம் கட்டிவிட்டு வந்தால் விடிவதற்குள் யாரும் சொல்லாமலே பொங்குகிறதே, அதே வேலை. பதனீர் வேண்டும் என்பவர்கள்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவி அந்தக் கிருமிகளைத் தடுப்பார்கள். தடவாவிட்டால் கள். உடன்குடிக்காரன் இதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அங்கே ஊற்றிக் கொடுத்த பெண்ணுக்கு விளக்கினான். அவர் கேட்டுவிட்டு இன்னொரு பீப்பாயிலிருந்து கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார்.

பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகளை யாரும் கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்தி பிடித்துவிடும், மருந்தடித்தால் வேண்டிய கிருமியும் செத்துவிடும் என்பது கணக்கு. குளிர்காலத்தில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். ராத்திரி போதுமான அளவு குளிராவிட்டால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். 2015-இல் நவம்பர்கூடச் சூடாக இருந்ததால் காய்ச்சுவதையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊர்க் காற்றை நம்பிப் பிழைக்கிற தொழிலுக்குக் காற்று சூடானால் என்ன ஆகும் என்று யோசித்தபோது நிஜமாகவே பயமாக இருந்தது.

பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தவறணை என்கிற கள்ளுக்கடைக்குப் போய் உட்கார்ந்து கள் குடிக்கலாம். தமிழ்நாட்டில் கள் இறக்கினால் வழக்கு, பக்கத்திலேயே டாஸ்மாக்கில் நாக்கில் ஒட்டாத ஸ்ட்ராங் பீர் விற்கலாம். எனக்கு இது ஆத்திரமாக இருக்கிறது. மூன்று வருடம் காத்திருந்து ஒருவர் புளிக்க வைப்பதை உலகம் தேடி வந்து குடிக்கிறது. நம் பனையேறிகள் மட்டும் கலயத்தை ஒளித்துவைத்து வாழ வேண்டியிருக்கிறது.

சரி, சாப்பாடு. கிராண்ட் பிளாஸை ஒட்டிய சந்தில் வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்த ஒரு உணவகத்தில் மாட்டிக்கொண்டோம். கேட்காமல் வைத்த ரொட்டிக்கும் தண்ணீருக்கும் பில்லில் தனித்தனிக் காசு. மொத்தம் எங்கள் ஒரு நாள் பட்ஜெட். வாசலில் ஆள் நின்று கூப்பிட்டால் உள்ளே போகாதீர்கள். இன்னொன்று, உருளைக்கிழங்கு வறுவலை அங்கே பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அந்த எரிச்சல் தீர்ந்தது ஆ லா மோர் சுபித் என்ற பழைய கடையில். ஒரு துண்டு ரொட்டி, மேலே தயிரை வடிகட்டியது போன்ற வெண்பாலாடைக்கட்டி, மெல்லிசாகச் சீவிய சிவப்பு முள்ளங்கி, வெங்காயத்தாள், கொஞ்சம் உப்பு மிளகு. அவ்வளவுதான். ஒரு கடி, ஒரு வாய் கூஸ். முள்ளங்கியின் காரத்தைப் புளிப்பு வந்து கழுவ, அடுத்த கடிக்கு வாய் தயாராகிவிடுகிறது. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்கிற அந்தப் பொருத்தம். நாலு மாதம் மாணவர் விடுதிச் சமையல் சாப்பிட்டவனுக்கு இது விருந்து. இரண்டாவது தட்டும் சொன்னோம், சத்தியத்தை மீறி.

சனிக்கிழமை மாலை மறுபடி விழாவுக்குப் போனோம். ஆலைகளின் குதிரை வண்டி ஊர்வலம் கண்ணுக்கு நிறைவு, கூட்டம் தாங்க முடியவில்லை. சர்க்கரை சேர்த்த பழ பீர்கள் சிலதைக் குடித்துப் பார்த்தேன், இருமல் மருந்துதான். கூஸ் வாங்கும்போது பாட்டிலில் "Oude" (அவ்டே) என்று பழமையைக் குறிக்கும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பழைய முறையில் செய்தது.

தங்குமிடத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். வடக்கு நிலையம் பக்கம் எட்டுப் பேர் அறை, சுத்தம், போதும்.

கான்டியோனில் வாங்கிய ஒரு பெரிய பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். உடன்குடிக்காரன் டிசம்பரில் ஊருக்குப் போகிறான். தாத்தாவுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பாட்டிலை அவன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.