நேத்தே வந்திருந்தா?

அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான். “நேத்தே இட்டுனு வந்திருந்தா பொயச்சிருக்குமாக்கா?” நான் சொன்னதும் ஒரே வார்த்தை. “ஆமா.”

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலை முடிந்து ஷட்டரை இறக்கும்போது, வீட்டில் பாத்திரம் கழுவும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்லிப் பார்க்கிறேன். “தெரியலம்மா.” “நேத்து வந்திருந்தாலும் கஷ்டம்தான்.” “அதை இப்போ யோசிக்காதீங்க.” எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. சொன்ன “ஆமா”வும் ஒட்டவில்லை.

நாய், பூனை பார்க்கிற கிளினிக்கில் 11 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் டாக்டரிடம் சந்தேகம் கேட்பது குறைவு. அவர் சொல்லும்போது தலையாட்டிவிட்டு, வெளியே மருந்து வாங்கும் இடத்தில் என்னிடம் கேட்பார்கள். “அக்கா, அவரு இன்னா சொன்னாரு?” நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள், அவர்கள் பேச்சுதான் என் பேச்சும். அந்த உரிமையில்தான் இந்தக் கேள்வியும் என்னிடம் வந்தது.

அன்றைக்கு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கு 13 வயது இருக்கும். ஒயர் கூடையில் பழைய லுங்கியை மடித்துப் போட்டு அதன்மேல் குட்டியைப் படுக்க வைத்திருந்தான். கறுப்பு நாட்டு நாய்க்குட்டி. நெஞ்சில் மட்டும் பொட்டு வைத்தாற்போல வெள்ளை. பெயர் பிளாக்கி. கதவைத் திறந்ததுமே வாடை வந்துவிட்டது. பார்வோ என்பது நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அதன் ரத்தபேதி வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துப் போயிருந்தது. உடம்புச் சூடு 97. நாய்க்கு 101, 102 இருக்க வேண்டும். காய்ச்சலோடு வருகிற குட்டி என்றால் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம், குளிர்ந்து வருகிற குட்டியைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும். முன்காலில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு முடியை வழித்து நரம்பு தேடினோம். நீர் வற்றிப்போன குட்டிக்கு நரம்பு நூலாக ஒட்டிக் கிடக்கும். ட்ரிப் ஏற்ற நரம்பில் செருகும் மஞ்சள் வென்ஃப்ளான் ஊசி இரண்டு காலிலும் ஏறவில்லை. கடைசியில் டாக்டர் கழுத்து நரம்பைப் பிடித்தார். பையன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு “பிளாக்கி, பிளாக்கி” என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கூப்பிடும்போதெல்லாம் வால் நுனி மட்டும் லேசாக அசையும். பாட்டிலில் கால்வாசி இறங்குவதற்குள் அதுவும் நின்றுபோனது.

அப்பா கதவோரம் நின்றிருந்தார். ட்ரெயிலர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் போகிற வரிசையில் இரண்டு ராத்திரி வண்டியிலேயே கிடந்துவிட்டு, முந்தின நாள் மதியம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். குட்டி அதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பையன் கேட்டதற்கு, “சூடுடா, மோர் குடு, காலையில பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். சீட்டில் பெயர் எழுதும்போது அந்த அம்மாவே இதைச் சொல்லியிருந்தார். அதாவது “காலையில” என்று சொன்னவர் யார் என்று தெரிந்துதான் நான் “ஆமா” என்றேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

குட்டி போய் ஐந்து நிமிடம் இருக்கும். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நான் ஊசியை டப்பாவில் போட்டுக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னேன். நிமிர்ந்தபோது பையன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து கூடையை எடுக்கப் போனார். பையன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். “ஏம்மா ஆமான்னு சொன்ன? முதல் வாந்தியிலேயே வந்து, நாலு நாள் ட்ரிப் ஏத்தியும் போன குட்டிங்க இல்லையா?” இருக்கின்றன, நான் கையில் பிடித்திருக்கிறேன். எங்களிடம் பார்வோவுக்கென்று தனி மருந்து கிடையாது. ட்ரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குடல் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலக்காமல் ஆன்டிபயாடிக் போட்டு, குட்டியின் உடம்பு தானாக எழுந்து நிற்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அப்படித் தாங்கினால் பத்தில் ஏழெட்டு தேறும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் பத்தில் ஒன்று தேறுவதே பெரிது. ஆக, நேற்று வந்திருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்பது உண்மை. பிழைத்திருக்கும் என்பது உண்மையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு மூன்று குட்டிகளை நான் ஒரு வார்த்தையில் அழித்துவிட்டேன். பையனுக்குப் போய்ச் சேர்ந்தது, நைனா தூங்காமல் இருந்திருந்தால் பிளாக்கி உயிரோடு இருந்திருக்கும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கே தப்பு. பார்வோ உடம்பில் ஏறி, வாந்தி வெளியே தெரிய மூணு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். பிளாக்கிக்கு 45வது நாள் போடுகிற முதல் தடுப்பூசியே போடவில்லை. குட்டிக்குத் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். அது இருக்கிறவரை ஊசி முழுசாகப் பிடிக்காது, அது தீர்ந்த பிறகு ஊசி இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை. அதனால்தான் ஒன்றோடு விடாமல் மூணு, நாலு வார இடைவெளியில் நாலு மாதம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். இதை நான் தினமும் சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் பையனிடம் சொல்லவில்லை. “நேத்து இல்லடா, இது ஒரு மாசத்துக்கு முன்னாடி ஊசி போடாம விட்டதுலதான் ஆரம்பிச்சுது, அது வீட்ல யாருக்கும் தெரியாம நடந்தது” என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் பழி ஒருத்தர் தலையில் மொத்தமாக விழுந்திருக்காது. அது பொய்யும் ஆகியிருக்காது.

சரி, ஏன் சொல்லவில்லை? அந்த வாரத்தில் அது மூன்றாவது குட்டி. மூன்றும் “காலையில பாக்கலாம்” என்று வைத்திருந்து கொண்டுவந்தவை. எனக்குக் கோபம். அந்தக் கோபம் அந்த அப்பா மேல் மட்டும் வந்ததில்லை, ஆனால் அன்று கதவோரம் நின்றவர் அவர்தான். சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு 800, 1000 ரூபாய் ஆகும், ஐந்து நாளாவது வர வேண்டும். அந்த வீட்டில் அது இருந்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனால் குறைந்த செலவில் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரத்தமாகப் போகிற குட்டியை எந்த ஆட்டோவில் ஏற்றுவது, யார் வேலையை விட்டுவிட்டு உட்காருவது? இரண்டு ராத்திரி தூங்காத மனிதர் தூங்கினார். இதை இப்போது எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதற்குக் காரணம் மணி. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் வீட்டு நாய் காணாமல் போனது. “ஓடிப் போச்சு, வந்துரும்” என்றார்கள். ஒரு மாதம் தேடினேன். ஐஸ் கம்பெனிச் சந்து, ஏலம் விடும் இடம், வலை காயப்போடும் இடம் என்று ஒன்று பாக்கியில்லை. அதற்கென்று வாங்கி வைத்த மீன் தலையைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவேன். கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகுதான், அன்றே அது லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது என்று அம்மா சொன்னது. இத்தனை வருஷம் எல்லோரும் தெரிந்துகொண்டே என்னைத் தேட விட்டார்களே என்று அழுதேன். யார் வீட்டுப் பிள்ளையிடமும் இப்படி மறைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அம்மா சொன்னதில் மிச்சம் ஒன்று இருக்கிறது, அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. “நீதானே அன்னிக்குக் கயித்த அவுத்துவுட்ட. அதான் சொல்லல” என்றது. எனக்கு அவிழ்த்தது ஞாபகம்கூட இல்லை. அவர்கள் மறைத்தது நாயின் சாவை மட்டுமில்லை. ஒன்பது வயதில் யாராவது என்னிடம் அந்த “ஆமா”வைச் சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? அப்போது அந்த மறைப்பு சரிதானே? சரியென்றால், பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேனே, அது?

வீட்டைப் பற்றியும் அன்று சொல்லி அனுப்பினேன். பினாயில் போட்டுக் கழுவினால் பார்வோ சாகாது, முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள், ஒரு வருடத்துக்காவது அந்த வீட்டுக்கு வேறு குட்டி வேண்டாம் என்றேன். அந்த அம்மா தலையாட்டினார். பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டார். “எங்கக்கா பொதைக்கிறது?” எங்கள் பகுதியில் இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. வீட்டுக்கு வீடு சுவர்தான் ஒட்டியிருக்கிறது, ஒரு முழம் மண் கிடையாது. கடற்கரையிலும் அரிப்புக்காகப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறது. ஒரு குடும்பம் அழுது முடிப்பதற்குக்கூடக் கொஞ்சம் மண் வேண்டியிருக்கிறது.

பிளாக்கிக்கு மண் எங்கே கிடைத்தது என்பது ஒரு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அப்பா ஒரு நாள் காலையில் தனியாக வந்தார். கையில் துண்டில் சுற்றிய செவலைக் குட்டி. “இன்னிக்கு 45வது நாளு சிஸ்டர். எண்ணிக்கினே இருந்தேன்” என்றார். ஊசி போட்டு முடிந்ததும் அவராகவே பேசினார். அன்று ராத்திரியே பிளாக்கியைத் துண்டில் சுற்றி ட்ரெயிலரில் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மீஞ்சூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஒரு வேப்ப மரத்தடியில் கடப்பாரையால் குழி தோண்டியிருக்கிறார். “எடம் காட்றேன் வாடான்னு கூப்ட்டேன். வரல.” செவலைக் குட்டியைப் பற்றிக் கேட்டேன். “அவனுக்குனுதான் வாங்கினேன். தொட மாட்றான்.”

அட்டையில் பெயர் எழுத வேண்டும். “விட்டுடு சிஸ்டர், அவன் வெப்பான்” என்றார். அடுத்த தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் சரியாக அந்தந்தத் தேதியில் வந்தார். பெயர் இன்னும் எழுதவில்லை. வீட்டில் “குட்டி” என்றே கூப்பிடுகிறார்களாம்.

நான் சொன்ன “ஆமா”வால்தான் அவர் நாள் எண்ணினார், செவலை பிழைத்திருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்ட நாள்கள் உண்டு. ஆனால் நாள் எண்ணுவதற்கு அவருக்கு என் வார்த்தை தேவைப்பட்டிருக்காது. மேஜை மேல் குட்டி கிடந்ததை அவரும் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று தடவையும் நினைத்தேன். எதற்கென்று சொல்லிக் கேட்பது? அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. மூன்றாவது தடவை வந்தபோது காசிமேட்டில் வாங்கிய கானாங்கெளுத்தி ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் வயதான பொமரேனியன் ஒன்று. உண்ணிக் காய்ச்சல், ரத்தம் ரொம்பக் குறைந்த பிறகு கொண்டுவந்தார்கள், இரண்டாம் நாள் போய்விட்டது. அதன் காலருக்குள் விரலை விட்டுப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள், எட்டு வயது இருக்கும். அம்மா என் பக்கம் திரும்பி, “போன வாரமே வந்திருந்தா...” என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “பாப்பா, பக்கத்துக் கடையில அம்மாவுக்கு ஒரு தண்ணி பாட்டில் வாங்கினு வாம்மா” என்று காசு கொடுத்து அனுப்பினேன். அப்புறம் சொன்னேன். வந்திருந்தால் வாய்ப்பு இருந்திருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு வயதும் ஆகிவிட்டது, வீட்டில் யாருக்கும் வெளியே தெரிகிற நோயில்லை இது. இந்தத் தடவை நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் அழுதார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மா முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“நான் போனப்போ இன்னா சொன்னீங்க?” என்று கேட்டாள்.