பத்து நாள் என்றால் பத்து நாள்தான்

கோவையில் நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் எரெக்‌ஷன் வேலை எனக்கு, அதாவது வாங்கியவர்களின் ஆலைக்கே போய் இயந்திரத்தைப் பொருத்திக் கொடுப்பது. முதல் ஆப்பிரிக்கப் பயணம் உகாண்டாவுக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, "திங்கட்கிழமை கிளம்பணும், டிக்கெட் போட்டாச்சு" என்றார். டிக்கெட், விசா, படிக்காசு எல்லாம் பேசினார்கள். ஊசியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து மேஜை அண்ணன்தான், "தம்பி, மஞ்ச அட்டை வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். பழைய தேதி போட்டு அட்டை வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பத்து நாளும் உடம்பு எதிர்ப்புச் சக்தியைச் சேர்க்கிற நாட்கள். நோய் வந்துவிட்டால் அதற்கென்று தனி மருந்து கிடையாது. நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும். இந்தியாவில் இல்லாத நோயை நான் கொண்டுவந்து இறக்கினால்? அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்துவது அதனால்தான்.

பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்டார்கள், ஊசி போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். முன்பெல்லாம் 10 ஆண்டுக்கு ஒருமுறை போடவேண்டும். 2016 ஜூலையிலிருந்து ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும்.

அப்புறம் இன்சூரன்ஸ். ஆபீஸ் மெடிகிளைம் நம் நாட்டுக்குள் மட்டும்தான். டிராவல் பாலிசி படிவத்தில் "வேறு நோய் இல்லை" என்று அவர்களே நிரப்பி வைத்திருந்தார்கள். ஆறு வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன் நான். திருத்தச் சொன்னேன். பிரீமியம் கொஞ்சம் ஏறியது, ஏறட்டும். மறைத்துவிட்டு அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஒரு பைசா பெயராது. இன்னொன்றையும் பாருங்கள்: உடல் உழைப்பு வேலையில் படும் காயத்தைச் சில பாலிசிகள் ஏற்பதில்லை. ஸ்பேனர் பிடிக்கிற நமக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

மலேரியாவுக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதித் தந்தார். தினம் ஒன்று, ஊர் திரும்பியும் 4 வாரம். என்னோடு வந்த பையன் ஊர் திரும்பி விமானம் இறங்கியதுமே மாத்திரையை நிறுத்திவிட்டான். மூன்றாவது வாரம் குளிர்ஜுரம். கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உகாண்டா போய் வந்ததை அவன் சொல்லவே இல்லை. மறுநாள் நான் கூட்டிப்போய்ச் சொன்ன பிறகுதான் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். மலேரியா. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய டிராவல் பாலிசி ஊர் திரும்பிய அன்றே முடிந்திருந்தது, அந்த ஐந்து நாளும் அவன் சொந்த லீவில் கழிந்தது.

திரும்பி வந்த பிறகான அந்த 4 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதை டூர் கணக்கிலேயே சேர்க்கவேண்டும் என்று எச்.ஆரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.