எட்டு வயதுப் பிள்ளைகளின் அணிக்கு நான் பொறுப்பேற்ற விதம்

நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தில், வால் ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம் ஒன்றில் நாங்கள் குடியேறிய இரண்டாம் ஆண்டு, அதாவது 2022 ஜூன் மாதம், எட்டு வயது மகனை உள்ளூர்க் கால்பந்துக் கழகத்தில் சேர்க்க விண்ணப்பித்தேன். படிவத்தை நிரப்பி ஆண்டுச் சந்தாவைக் கட்டினால் மறுவாரமே பயிற்சிக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் கழகச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, அந்த வயதில் இன்னோர் அணி அமைக்கும் அளவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் எவரும் இல்லாததால் அனைவரும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். பெற்றோரில் ஒருவர் முன்வந்தால் செப்டம்பரிலேயே அணி களமிறங்கும் என்றார். அன்றிரவு மனைவியிடம் பேசிவிட்டு, மறுநாள் காலை நானே வருகிறேன் என்று தெரிவித்தேன்.

அந்தத் தொலைபேசி உரையாடல் வரையில், கழகம் என்பது பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தரும் இடம் என்றே நினைத்திருந்தேன். இங்கே அது உறுப்பினர்களின் சங்கம். கோடு போடுவது, பந்துகளைக் காற்றடித்து வைப்பது, சிற்றுண்டிச் சாலையில் நிற்பது, கணக்கு எழுதுவது எல்லாம் உறுப்பினர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சம்பளமின்றிச் செய்யும் வேலைகள். எங்கள் முதல் அணி சனிக்கிழமைப் போட்டிகளின் நான்காம் வகுப்பில் ஆடுகிறது. பெயரைக் கேட்டால் உச்சிக்கு அருகில் இருப்பதுபோலத் தோன்றும்; ஆனால் நாட்டின் உச்ச லீக்கான எரெடிவிசி முதற்கொண்டு எண்ணினால் அது ஒன்பதாவது படிநிலை. சனிக்கிழமை என்பதற்கும் காரணம் உண்டு. ஞாயிறு ஓய்வுநாள் என்று உறுதியாகக் கருதிய புராட்டஸ்டண்ட் ஊர்களின் கழகங்கள் சனிக்கிழமையைத் தேர்ந்துகொண்டன. கத்தோலிக்கர் மிகுந்த தெற்கில் ஞாயிறு ஆட்டமே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

முதல் கட்டம் நன்னடத்தைச் சான்றிதழ். வி.ஓ.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சான்றிதழை நீதித்துறை அமைச்சகத்தின் கீழுள்ள யுஸ்டிஸ் என்ற அலுவலகம் வழங்குகிறது. பிள்ளைகளோடு பணியாற்ற வரும் தன்னார்வலர்களுக்கு, கழகம் அதற்கான திட்டத்தில் சேர்ந்திருந்தால், கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டியது கழகம். பிறகு நமக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அரசின் டிகிடி கணக்கு வழியாக உள்நுழைந்து நாம் அதை நிறைவு செய்ய வேண்டும்.

இங்கேதான் நான் தவறினேன். பாஸ்போர்ட்டில் என் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக இருப்பதால், நகராட்சிப் பதிவேட்டிலும் அதுவே என் குடும்பப் பெயர். கழகப் படிவத்திலோ, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என் சொந்தப் பெயரை எழுதியிருந்தேன். செயலாளர் அதை அப்படியே பதிவு செய்ததால் விவரங்கள் பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுபோயிற்று. அவரிடம் எப்படி விளக்குவது என்று தயங்கி ஒரு வாரத்தை வீணாக்கினேன். குடியிருப்பு அட்டையுடன் நேரில் சென்றபோது, ஐந்தே நிமிடத்தில் திருத்தித் தந்தார். நம் ஊர்களிலிருந்து வந்தவர்கள், எவ்வளவு அந்நியமாகத் தோன்றினாலும், நகராட்சிப் பதிவில் உள்ளபடியே பெயரை எழுதுவது நல்லது. சான்றிதழ் ஆகஸ்ட் நடுவில் கையில் கிடைத்தது.

அடுத்து விதிகளைக் கற்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய ஆட்டத்துக்கும் இந்த வயதினரின் ஆட்டத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ராயல் டச்சு கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆறு பேர், களம் 42.5 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பத்துப் பத்து நிமிடங்களாக நான்கு பகுதிகள். எதிரணியின் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தைப் பெறுவதைத் தடுக்கும் ஆஃப்சைட் விதி இல்லை. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் கையால் எறியாமல், காலால் உருட்டிக்கொண்டோ தட்டிவிட்டோ உள்ளே கொண்டுவர வேண்டும். புள்ளிப் பட்டியலும் கிடையாது. நடுவருக்குப் பதிலாக ஆட்டத்துணைவர் ஒருவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். பிள்ளைகளால் தீர்த்துக்கொள்ள முடியாத போது மட்டுமே அவர் தலையிட வேண்டும். முதல் மூன்று வாரங்கள் நான் கத்திக்கொண்டே இருந்தேன். "அவர்களே கண்டுபிடிக்கட்டும்" என்று எதிரணியின் பொறுப்பாளர் ஒருவர் அருகில் வந்து மென்மையாகச் சொன்ன பிறகுதான், வாயை மூடிக்கொண்டு பார்க்கக் கற்றேன். அதன்பின், பந்தை யாருக்கும் தராத ஒரு சிறுவன் தானாகவே தலை நிமிர்ந்து தோழனைத் தேடிய கணத்தைப் பார்க்க முடிந்தது. அந்த மகிழ்ச்சியை எதோடு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சிற்றுண்டிச் சாலைப் பணியும் முறைவைத்து வரும். மது பரிமாறுகிற தன்னார்வலர்கள் பொறுப்புடன் பரிமாறுவதற்கான சிறு பாடத்தை முடித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மது தருவதைச் சட்டம் தடுக்கிறது. இணையவழியில் ஒரே மாலையில் அந்தப் பாடத்தை முடித்தேன். என் வேலை பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுப்பதும், ஆட்டம் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ரான்யா என்னும் ஆரஞ்சுச் சர்பத்தைக் கலந்து கொடுப்பதும்தான். டச்சு மொழியை வகுப்பில் கற்றதைவிட அந்த மேசைக்குப் பின்னால் நின்று கற்றதே அதிகம்.

இப்போது பிள்ளைகள் பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குச் செல்கிறார்கள். களம் அதேதான், ஒவ்வொரு பகுதியும் பன்னிரண்டரை நிமிடமாகிறது. அணியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் செவ்வாய்ப் பயிற்சி, வியாழன் பயிற்சி, சனிக்கிழமைப் பயணம் மூன்றையும் ஒருவரே சுமப்பது கடினம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அணியின் மற்றொரு தந்தை வரச் சம்மதித்திருக்கிறார். அவருடைய விண்ணப்பத்தைக் கழகம் நேற்று அனுப்பியது.